கங்கையம்மாளின் சுருட்டை ஈக்கள்

யாராவது ‘லட்சணமாக இருக்கிறது’ என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். பெண்ணைச் சொன்னாலும் சரி, புதுவீட்டைச் சொன்னாலும் சரி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் என் தோழி கங்கையம்மாளின் பல வருஷ உழைப்பைக் கழுவிக் கவிழ்த்தார். கழுவிக் கவிழ்த்தார் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு சாமி கும்பிட்டார்.

நான் சாராள். தாம்பரத்தை அடுத்த ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இருக்கிற பகை போதும். கங்கையம்மாள் அங்கே விலங்கியல் விரிவுரையாளர். மாடம்பாக்கத்துப் பெண். சிவன் கோயிலுக்குப் பின்னால் அவர்களுக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. எண்பதுகளில் அதெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மொட்டைமாடி வீடுகளாகிவிட்டன. தம்பி ஜெயவேலு தாம்பரம் மார்க்கெட்டில் பழ மண்டி போட்டான். அக்கா எம்.எஸ்ஸி. முடித்தாள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் மட்டு என்று சொல்லிவிட்டு, கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதே இல்லை. அவளுக்கும் சேர்த்துக் கோபப்பட நான் இருந்தேன்.

அவள் ஆராய்ச்சி செய்தது பழ ஈயை. வாழைப்பழம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, கடுகளவு உடம்பும் சிவப்புக் கண்ணுமாக, அதுதான். அதைத் தேடி அவள் ஊர் ஊராக அலையவில்லை. தம்பி மண்டியின் பின்பக்கம் அழுகல் பழக் கூடை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையால் ஈயை உறிஞ்சிப் பிடிப்பாள். நடுவில் வலைத்துணி இருக்கும், அதனால் ஈ வாய்க்கு வராது. பார்க்கிறவர்களுக்கு வலைத்துணி எங்கே தெரியும்?

“இன்னாக்கா, மறுபடி ஈ புடிக்க வந்துட்டியா? வர்ற கிராக்கிங்கோ இன்னா நெனைப்பாங்கோ? மண்டிக்காரன் அக்கா குந்திக்கினு ஈய உறிஞ்சிக்கினு கீதுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்கோ. பேஜாரா கீதுக்கா” என்று ஜெயவேலு தலையில் அடித்துக்கொள்வான்.

“உன் வேலையைப் பாருடா. நல்ல பழம் உனக்கு, அழுகல் எனக்கு” என்பாள் அவள், குழாயை வாயிலிருந்து எடுக்காமலே.

ஆஸ்பத்திரிகளில் காலியாகும் குளுக்கோஸ் பாட்டில்களைக் கேட்டு வாங்கி வந்து, ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்த்துக் கிண்டிய கூழை அடியில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, அதற்குள் ஈக்களைக் குடிவைத்திருந்தாள். லேபுக்குள் நுழைந்தால் புளித்த மாவு வாசனை வரும். அந்த வாசனைக்கு நான் பழகிவிட்டேன். டீ நேரத்தில் தமிழ்த் துறையில் சீட்டுக் கம்பெனிப் பேச்சுக் கேட்பதைவிட அவளுடைய ஈப் பேச்சு எனக்கு எவ்வளவோ மேலாக இருந்தது.

“அக்கா, முட்டைக்குத் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்னு யார் சொல்றா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கர்த்தர்” என்றேன்.

“சரி, அவர் அம்மா ஈ வழியாச் சொல்றார்னு வெச்சுக்கங்க.”

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அம்மா ஈ தன் வயிற்றில் முட்டையை உருவாக்கும்போதே அதற்குள் சில சேதிகளை வைத்து அனுப்புகிறது. ஆர்.என்.ஏ. என்று அவற்றுக்குப் பெயர். ‘வயிற்றுப் பகுதியை இங்கே வளர்’ என்பது அவற்றில் ஒரு சேதி. அதைப் படித்து, அதில் சொன்னபடி புரதம் செய்தால்தான் காரியம் நடக்கும். ஆனால் கண்ட இடத்தில் படித்துவிட்டால் ஆபத்து. முட்டையின் முன்பக்கத்தில் படித்தால் தலை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வால் முளைத்துவிடும். அதனால் வேறொரு புரதம் அந்தச் சேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, யாரையும் படிக்க விடாமல் காவல் இருக்கும். சேதி முட்டையின் பின்முனைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே இன்னொரு புரதம் வந்து அந்தப் பிடியை விடுவிக்கும். அப்புறம்தான் படிப்பு, அப்புறம்தான் வயிறு, வால் எல்லாம்.

“யூனிவர்சிட்டி கொஸ்டின் பேப்பர் மாதிரி அக்கா. கட்டு வந்துடும். சீல் உடைக்கிறது எக்ஸாம் ஹால்ல மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுல உடைச்சா என்ன ஆகும்?”

“ஊரே பாஸ் ஆகும்.”

“இங்க குஞ்சு செத்துடும்.”

மண்டியில் பிடித்த ஈக்களிலிருந்து அவள் ஒரு வம்சத்தைப் பிரித்தெடுத்திருந்தாள். அந்த வம்சத்தில் அந்தச் சீலை உடைக்கிற புரதம்தான் கோளாறு என்பது அவள் சந்தேகம். கோளாறு கண்ணுக்குத் தெரியாது என்பதால், மைசூரிலிருந்து வாங்கி வந்த சுருட்டை இறகு ஈக்களோடு கலந்து ஓர் அடையாளம் வைத்திருந்தாள். இறகு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அந்த ஈயிடம் ஒரு நல்ல மரபணுவும் ஒரு பழுதான மரபணுவும் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று நல்லதாக இருந்தால் போதும், அதன் முட்டை பொரியும். பறக்க மட்டும் வராது. தத்தித் தத்தி நடக்கும். இறகு நேராகப் பளபளவென்று இருந்தால் இரண்டுமே பழுது. அந்தப் பெண் ஈ நன்றாகப் பறக்கும், இணை சேரும், முட்டையும் இடும். முட்டைக்குள் தலை வரும், மார்பு வரும், அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. ஒரு முட்டைகூடப் பொரியாது.

“அப்ப அந்த நேர் இறகுக்காரி மட்டும் எப்படி முழுசாப் பொறந்தா?” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “கரெக்டாக் கேட்டீங்க அக்கா! அவளோட அம்மா சுருட்டை. முட்டைக்குள்ள வேண்டியதெல்லாம் வெச்சு அனுப்பிச்சிட்டா. அதை வெச்சு இவ வளந்துட்டா. இப்ப இவ தன் முட்டைக்குக் குடுக்கணும்னா, கையில ஒண்ணும் இல்லை.”

ஆக, அந்த வம்சம் உயிரோடிருந்தது சுருட்டைகளால்தான். சுருட்டை போனால் எல்லாம் போச்சு. தமிழ் படித்த எனக்கே இது புரிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சம்பந்தம் சார். விலங்கியல் துறைத் தலைவர். கோவளத்து இறாலைப் பற்றி எப்போதோ எழுதி டாக்டர் ஆனவர். அதற்கப்புறம் இறாலைத் தட்டில்தான் பார்த்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய லட்சணம். துறையில் வழிகாட்டியாக இருக்கப் பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்றவர் அவர் ஒருவர்தான் என்பதால் கங்கையம்மாளின் ஆராய்ச்சிக்கு அவரே வழிகாட்டி. ஈயின் வழியில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. “கங்கா, இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போறே, அருவருப்பா இருக்கு” என்று வாசற்படியிலேயே நின்று வழிகாட்டிவிட்டுப் போவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சரஸ்வதி பூஜை விடுமுறையில் அவள் பெங்களூருக்குக் கிளம்பினாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. சேதி பின்முனைக்குப் போகாமலே போகிறதா, அல்லது போய்ச் சேர்ந்தும் படிக்கப்படாமல் கிடக்கிறதா? அங்கே ஓர் ஆய்வகத்தில் சேதிக்கு ஒரு நிறமும் புரதத்துக்கு ஒரு நிறமும் ஏற்றிப் பார்க்க வசதி இருந்தது. நேர் இறகு ஈக்களின் முட்டைகளைப் பதப்படுத்தி ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டாள். ஈக்கள் எல்லாம் லேப் ஷெல்ஃபில் இருந்தன. வீட்டில் எப்போதும் ஒரு மாற்றுப் பாட்டில் வைத்திருப்பாள். அந்த மாதம் எறும்பு புகுந்து அழித்துவிட்டது.

“சார், நான் வர்ற வரைக்கும் அந்த ஷெல்ஃபை மட்டும் யாரும் தொடாம பார்த்துக்கணும்” என்று சம்பந்தம் சாரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“நான் இருக்கேம்மா, கவலைப்படாமப் போயிட்டு வா” என்றார்.

இந்த வாக்கியத்தை நம்பி இந்த நாட்டில் எத்தனை பெண்கள் கெட்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, ரயிலை விட்டு இறங்கி நேரே வந்தாள். பையைக்கூட இறக்காமல் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சேதி போய்ச் சேர்ந்திருக்கு! பின்முனையில கலர் அப்படியே பளிச்சுன்னு தெரியுது. ஆனா புரதம் இல்லை. சுத்தமா இல்லை. படிக்க ஆள் இல்லாம சேதி சும்மாக் கிடக்குது அக்கா.” இன்னும் நிறைய முட்டை கொண்டுவந்து திரும்பச் செய்து காட்டினால் இதை எழுதிவிடலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே கிடையாது. சிரித்துக்கொண்டே லேப் கதவைத் திறந்தாள்.

சுவரில் புது வெள்ளை. தரை பளபளவென்றிருந்தது. ஷெல்ஃபில் பாட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. உள்ளே புதுக் கூழ், புதுப் பஞ்சு. ஈக்கள் ஜம்மென்று பறந்துகொண்டிருந்தன. அவள் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கடைசிப் பாட்டில் வரை பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எல்லாம் நேர் இறகு. ஒரு சுருட்டை கிடையாது.

சம்பந்தம் சார் பின்னாலேயே வந்தார், பாராட்டு வாங்குகிற முகத்தோடு.

“பாத்தியா கங்கா? எப்படி இருந்த ரூமை எப்படி ஆக்கியிருக்கேன்!”

“சார், சுருட்டை எல்லாம் எங்கே?”

“அதுவா? பூஜையில யாராவது மூளியை வெப்பாங்களாம்மா? கைப்பிடி உடைஞ்ச மணியைக்கூட வெக்க மாட்டோம். இறகு வளைஞ்சதை எல்லாம் கழிச்சிட்டேன். லட்சணமா இருக்கிறதை மட்டும் புது பாட்டில்ல மாத்தினேன். யாரையும் நம்பலை. நானே உக்காந்து, ஈதர் காட்டி மயக்கி, ஒண்ணொண்ணாப் பொறுக்கினேன். கழுத்து வலி இன்னும் போகலை.”

அவர் அலட்சியமாகச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மனிதர் சிரத்தையாகச் செய்திருக்கிறார்! தெரியாத வேலையில் அவ்வளவு சிரத்தை யார் கேட்டது?

“பழைய பாட்டில்ல புழு, கூட்டுப்புழு எல்லாம் இருந்ததே சார்?”

“என்ன நாத்தம்! சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிட்டேன்.”

அவள் நிதானமாக, முதல் வருஷ மாணவிக்குச் சொல்வதைப் போல எடுத்துச் சொன்னாள். நேர் இறகு ஈக்கள்தான் பொரியாத முட்டை இடுகிறவை, சுருட்டைதான் வம்சத்தைக் காப்பவை என்றாள். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

“நான் எத்தனை வருஷமா ஜூவாலஜி எடுக்கறேன்? முழுசா இருக்கிற ஈ வம்சம் வளர்க்காதாம், மூளி வளர்க்குமாம். கொஞ்ச நாள் பார்ப்போம். பொரியலேன்னா உன் ஈ வம்சமே சரியில்லைன்னு அர்த்தம். டிசம்பர்ல உன் பி.எச்டி. வேலையைப் பார்க்கக் கமிட்டி வரும்போது நானே சொல்லிடறேன். ரெஜிஸ்ட்ரேஷனைக் கேன்சல் பண்ணிட்டு வேற டாபிக் எடு. இறால் இருக்கு.”

“பொரியாதுன்னுதானே சார் அவ இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கா?” என்று கத்திவிட்டேன்.

“தமிழ் டிபார்ட்மெண்டுக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவருக்குப் பொறுக்கிப் போட இரண்டு கை இருக்கிறது, ஈதர் புட்டி இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது. மூளை ஒன்றைத்தான் பூஜையில் வைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

வாசலில் அட்டெண்டர் குப்பன் துடைப்பத்தோடு தயங்கி நின்றார்.

“மேடம், அந்தச் சுருட்டைங்கோ சாவலீங்கோ. பூஜ நாளும் அதுவுமா உசுர எடுக்க வாணாம்னு சார்தான் சொன்னாரு. தட்டோட ஜன்னலாண்ட ஒதறச் சொன்னாரு. ஒதறிட்டேன். மயக்கமா கீது, தெளிஞ்சதும் போய்டும்னாரு.”

கங்கையம்மாள் ஜன்னலுக்கு ஓடினாள். லேப் தரைத்தளத்தில்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள், மாவிலைத் தோரணம், வாசலில் உடைத்த பூசணிக்காய், வாழையிலையோடு படைத்த பழங்கள், பொரி எல்லாவற்றையும் குவித்துப் போட்டிருந்தார்கள். பழம் கருத்து, கசிந்து, புளித்துக் கிடந்தது. பழ ஈக்கு அதைவிட விருந்து ஏது? ஆனால் ஒரு மாடு அந்தக் குவியலில் தலையை விட்டு வாழையிலையை இழுத்து மென்றுகொண்டிருந்தது. வானம் வேறு கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை ஒரு தரம் அடித்தால் கடுகளவு ஈ எந்தச் சாக்கடையில் போய் நிற்கும்?

“அக்கா, மாட்டை!” என்று கத்திக்கொண்டே அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன். தமிழ்த் துறை மூத்த விரிவுரையாளர் ஒரு மாட்டைக் குடையால் விரட்டியதை மாடி ஜன்னல்களில் நின்று கல்லூரியே பார்த்தது. மாடு மட்டும் நல்ல லட்சணமாக இருந்தது.

அவள் மண்டியிட்டு, கையில் குழாயோடு, அழுகின பழச் சீப்பை மெல்ல அசைத்தாள். புகை கிளம்பியதைப் போல ஈக்கள் எழும்பின. ஊரில் இருக்கிற ஈயெல்லாம் அங்கே இருந்திருக்கும். இத்தனை ஈயில் எதைத் தேடுவது?

“பேசாம இருங்க அக்கா” என்றாள். மறுபடி அசைத்தாள். மறுபடி கொஞ்சம் பறந்தன. நேரான நல்ல இறகு உள்ளதெல்லாம் நிழலைக் கண்டு பறந்தோடிவிட்டது. பறக்க முடியாதவை மட்டும் போக வழியில்லாமல் பழத்தோலின் மேல் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தன. இறகு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவள் குழாயை வாயில் வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சினாள். பெரிய துளியாக மழை விழத் தொடங்கியபோது கடைசியாக ஒன்றைப் பூசணிக்காய்த் தோலின் அடியிலிருந்து எடுத்தாள். ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அவ்வளவுதான் கிடைத்தன.

“பெண் ஈ இருக்கா பாரு.”

குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இருக்கு அக்கா” என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே, புடவையெல்லாம் பழச்சாறும் சேறுமாக, குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அதைக் கல்லூரியில் வைக்க இருவருக்கும் மனசில்லை. அப்போதே மழையில் மார்க்கெட்டுக்குப் போனோம். ஜெயவேலு எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

“இன்னாக்கா இது? ஊரே ஈய வெரட்டிக்கினு கீது, நீ இன்னாடான்னா மழைல நனைஞ்சிக்கினு அத்தக் காப்பாத்திக்கினு வர்ற?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான்.

“எவன் அவன், பூஜைக்கு ஆவாதுன்னு தூக்கிப் போட்டவன்? அட்ரஸ் குடு, நான் போய் பேசிக்கினு வரேன்.”

“பேச வாணாண்டா. ஒரு மேஜை குடு போதும்.”

மண்டியின் பின்னறையில் மேஜை போட்டுக் கொடுத்தான். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்ததும் அவன்தான். பாட்டிலைத் தொடுகிற கூலியாட்களை அவன் திட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்: “டேய், அது எங்கக்கா ஈடா, கைய எடு!”

ஷெல்ஃபில் சந்தனப் பொட்டோடு இருந்த பாட்டில்களில் ஒரு முட்டையும் பொரியவில்லை. லட்சணமான ஈக்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கூழ் காய்ந்து, பாட்டில்கள் காலியாயின. மண்டிப் பாட்டில்களில் புழு நெளிந்தது, கூடு கட்டியது. அதிலிருந்து சுருட்டையும் வந்தது, நேர் இறகும் வந்தது. நேர் இறகு மகள்களின் முட்டையை அவள் பார்த்தாள். தலை இருந்தது, மார்பு இருந்தது, வயிறு இல்லை. வம்சம் தப்பிவிட்டது.

டிசம்பரில் கமிட்டி வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் சத்தியநாதன் வந்தார். எங்கள் முதல்வர் அபிதகுஜாம்பாள் மேடமும் உட்கார்ந்திருந்தார். வாசல் திறந்திருந்தது, நான் வராந்தாவில் ஒரு கட்டு விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்துகிற பாவனையில் நின்றேன்.

“ஸ்டாக் போச்சு சார். வம்சமே வீக். டாபிக்கை மாத்தச் சொல்லியிருக்கேன்” என்று சம்பந்தம் சார் முந்திக்கொண்டார்.

கங்கையம்மாள் பையிலிருந்து மண்டிப் பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் முட்டைகளை வைத்துக் காட்டி, பெங்களூரில் எடுத்த படங்களையும் பக்கத்தில் பரப்பினாள். சத்தியநாதன் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. “அழகா இருக்கும்மா! வயிறே இல்லை. பெங்களூர் கலர் படமும் இதோட ஒத்துப் போறது” என்றார். அப்புறம் திரும்பி, “ஸ்டாக் போச்சுன்னீங்களே சம்பந்தம்?” என்று கேட்டார்.

மனிதர் கண் இமைக்கவில்லை.

“போகிற நிலைமையில இருந்தது சார். இந்தச் சுருட்டையை எல்லாம் நாமதான் பத்திரமாப் பிரிச்செடுத்துக் காப்பாத்தினோம். நானே ராப்பகலா உக்காந்து பொறுக்கினேன்.”

என் கையிலிருந்த விடைத்தாள் கசங்கிவிட்டது. பொறுக்கினாராம்! காப்பாத்தினாராம்! முதல்வர் மேடம் “அப்படியா? பேஷ்” என்று தலையாட்டினார். உள்ளே போய் அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. கங்கையம்மாள் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். “வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? சொல்ல வேண்டியதுதானே?”

“அவர் சொன்னதை எல்லாரும் கேட்டாங்க இல்ல அக்கா?”

“கேட்டாங்க. அதுதானே வயித்தெரிச்சல்!”

“கேட்டாங்கன்னா போதும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். இவளைப் போன்றவர்களால்தான் அவரைப் போன்றவர்கள் தலைவராக இருக்கிறார்கள் என்று அன்று இரவு என் கணவரிடம் கத்தித் தீர்த்தேன்.

அவளுக்குப் பட்டம் கிடைக்காமல் போகவில்லை. தொண்ணூற்றேழில் டாக்டர் ஆனாள். ஆனால் வம்சத்தை ஒருசில ஈயிலிருந்து மறுபடி பெருக்கி, முட்டை சேர்த்து, பெங்களூருக்கு மறுபடி போய், எல்லாம் திரும்பச் செய்வதற்குள் வெளிநாட்டில் இதே விஷயத்தை வேறு யாரோ கண்டு அச்சிலும் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய ஆய்வைப் பற்றி ‘முன்பே அறியப்பட்டதை உறுதிசெய்கிறது’ என்று ஒரு வரி எழுதினார்கள். சம்பந்தம் சார் பூஜைக்கு லட்சணம் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வரி வேறு மாதிரி இருந்திருக்கும். இதை நான் சாகிற வரைக்கும் சொல்வேன். பட்டமளிப்பு நாளில் வழிகாட்டிக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். ஜெயவேலு ஒரு கூடை மலைவாழைப்பழம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான், அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. கமிட்டி வந்து போனதற்கு அடுத்த சரஸ்வதி பூஜையைச் சொல்ல வந்தேன்.

விலங்கியல் துறைப் பூஜைக்கு நான் வருஷா வருஷம் போவேன், பொரிக்கும் சுண்டலுக்கும். அந்த வருஷம் முதல்வர் மேடமும் வந்திருந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மைக்ராஸ்கோப், புத்தகக் கட்டு, எலும்புக்கூடு எல்லாம் சந்தனப் பொட்டோடு இருந்தன. துறைத் தலைவர்தான் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சம்பந்தம் சார் பட்டு வேட்டியில் தட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நட்ட நடுவில், ஒரு குளுக்கோஸ் பாட்டில் இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. உள்ளே சுருட்டை ஈக்கள் கண்ணாடிமேல் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தன.

“இது என்னம்மா கங்கா? எடு, எடு. மூளியைப் போய்...”

“சார், இதுங்கதான் நீங்க பத்திரமாப் பிரிச்செடுத்துக் காப்பாத்தினது” என்றாள் கங்கையம்மாள். குரலை உயர்த்தவில்லை. “கமிட்டியில சொன்னீங்களே. மேடம்கூட இருந்தாங்க.”

தூக்கி எறிந்தேன் என்று இப்போது சொல்ல முடியுமா? மூளி ஆகாது என்று சொன்னால், பிறகு ராப்பகலாக உட்கார்ந்து எதைப் பொறுக்கினார்?

முதல்வர் மேடம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “ஓ, அந்த ஈ இதுதானா? சமத்தா நடக்கறதே! காட்டுங்கோ சார், நாழியாறது.”

குப்பன் மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தம் சார் கற்பூரத்தை ஏற்றினார். தட்டைப் பாட்டிலுக்கு நேரே நீட்டினார்.

“கொஞ்சம் எட்டப் பிடிங்க சார்” என்றாள் கங்கையம்மாள். “சூடு பட்டா அதுங்களுக்கு ஆகாது.”

எட்டப் பிடித்தார். பிடித்து, மூளி ஈக்களுக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.